மலைக்கு முதுகு காட்டாத நாய்

வீட்டு ஓனர் கோதண்டராமன் ரொம்ப நல்லவர். அதை அடிக்கடி அவரே சொல்லிக்கொள்வார். வேங்கிக்காலில் அவருடைய மாடி வீட்டில் குடியிருந்த ரேவதிக்கு மட்டும் அது விளங்கியதே இல்லை.

அவள் வளர்த்த கறுப்பு லேப்ரடார் நாய் மிளகு, ஒருநாள் பாசம் பொங்கி அவருடைய வெள்ளை வேட்டியில் முன்னங்காலை வைத்துவிட்டது. அன்றைக்கே தீர்ப்பு வந்தது.

"வேலூர்ல நாய்ங்களுக்கு ஒழுக்கப் போட்டி வெக்கிறாங்களாமே. அதுல பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கிக்கினு வாம்மா. இல்லன்னா நாயை அனுப்பிடு."

"சரிங்க சார்" என்று தலையாட்டினான் பிரகாஷ். புருஷன் தலையாட்டிய வேகத்தைப் பார்த்ததும் ரேவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டியில் தோற்றால் கீழ்பென்னாத்தூரில் அவன் அப்பாவின் கடலைக் கொல்லையில் காவலுக்குக் கட்டிவிடலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை வேறு. அவள் காலடியிலேயே படுத்துப் பழகிய பிராணியை வெயிலில் சங்கிலி போட்டுக் கட்டுவதா?

போட்டியில் முக்கியமானது 'ஹீல்'. நாய் நம் இடது முழங்காலை ஒட்டியே நடக்க வேண்டும். நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்ப வேண்டும். தெருவில் பழக்கினால் ஊர் நாய்களெல்லாம் கூடிவிடும். மொட்டை மாடிச் சாவியோ ஓனரின் இடுப்பில். அதனால் ஆபீஸ் போகுமுன் விடியற்காலையில் கிரிவலப் பாதைக்குப் போனாள். மிளகு கற்பூர புத்தி. சீக்கிரமே காலை ஒட்டி நடந்தது. இடது பக்கம் திரும்பப் பழக்க ஆரம்பித்த அன்றுதான், தினமும் அங்கே நடக்கிற கோதண்டராமன் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்.

"என்னாம்மா பண்ற? மலைக்கு முதுகு காட்டற! வலது கைப்பக்கம் மலை இருக்கணும், நேரா நடக்கணும். இங்க வந்து இடது பக்கம் திரும்பறது, வந்த வழியே நடக்கறதெல்லாம் வாணாம். குடும்பத்துக்கு ஆகாது."

"பஸ்ஸு ரெண்டு பக்கமும் போவுதே சார்?"

"பஸ்ஸுக்கு ஏதும்மா பாவ புண்ணியம்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான். அவர் கூரைக்குக் கீழே குடியிருந்துகொண்டு அவரோடு வாதாட முடியுமா? ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். அதன்பிறகு நேராக நடப்பாள். திரும்பினால் வலது பக்கம், மலையைப் பார்த்துத் திரும்புவாள். நடந்து திரும்பி வரக் கூடாதே என்று பிரகாஷ் ஸ்கூட்டரோடு முன்னால் போய்க் காத்திருப்பான். இடது பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் போட்டி நாள் வந்துவிட்டது.

வேலூர் மைதானத்தில் நேர் நடை பிரமாதம். "ரைட் டர்ன்" என்றார் நடுவர். மிளகு அழகாகத் திரும்பியது. "லெஃப்ட் டர்ன்" என்றார். ரேவதி திரும்பினாள், நாய் நேரே போனது. அவள் முழங்கால் அதன் விலாவில் இடித்தது; இருவரும் தடுமாறினார்கள். மறுபடி சொன்னார், மறுபடி அதே கதி. கூட்டம் சிரித்தது.

"இடது பக்கம் பழக்கவே இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நடுவர் போகச் சொல்லிவிட்டார்.

அவமானத்தில் ரேவதி கையை ஓங்கிவிட்டாள். மிளகு அதுவரை அடி வாங்கியதே இல்லை. தடவிக் கொடுக்கத்தான் கை வருகிறது என்று நினைத்து, அதன் கீழே தலையைக் கொண்டுவந்து வைத்து வாலை ஆட்டியது.

அவள் கை இறங்கியது, கோபம் இறங்கவில்லை. நாய் என்ன தப்பு செய்தது? சொல்லிக்கொடுத்த பக்கம் நடந்தது. நானும் அதைத்தானே செய்தேன் என்று நினைக்க நினைக்க, வீடு வரும்வரை அவளுக்கு உடம்பு எரிந்தது.

கேட்டிலேயே நின்றிருந்தார் கோதண்டராமன். "சர்டிபிகேட் எங்கம்மா?"

"கெடைக்கல. இடது பக்கம் திரும்பத் தெரியல அதுக்கு."

"அதைக்கூடக் கத்துத் தரலியா நீ?"

அந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லை. "நீங்கதான சார் கூடாதுன்னீங்க!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பிடு."

"ரேவதி, விடு. சார் பெரியவரு..." என்று ஆரம்பித்தான் பிரகாஷ்.

"நீங்க பேசாதீங்க!" அவள் குரல் தெருமுனை வரை கேட்டது. "நாயைப் பழக்குறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். எங்க ரெண்டு பேரையும்தான் நீங்க பழக்கி வெச்சிருக்கீங்க. வீட்டைக் காலி பண்றோம்."

"நாயை அனுப்பினா போதும்மா. உங்களை யாரு போகச் சொன்னது?"

"நான் சொல்றேன்."

மிளகை இழுத்துக்கொண்டு மேலே போய், பரணிலிருந்த பெரிய பெட்டியைக் கீழே தள்ளினாள். பிரகாஷ் பாதிப் படியில் நின்றான். கீழே ஓனரைப் பார்த்தான், மேலே அவளைப் பார்த்தான்.

"கீழ போயி அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னா கேளுங்க. இல்லன்னா வந்து இதை ஒரு பக்கம் புடிங்க" என்றாள் ரேவதி.

கீழேயிருந்து "தம்பி பிரகாஷ்!" என்று கூப்பிட்டார் கோதண்டராமன். அவன் மெதுவாக மேலே ஏறி வந்து, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான்.