நட்சத்திரச் சுவரும் அண்ணியின் ஆட்டமும்

அண்ணி ஆடுவாள் என்பது அவளுக்கும் சாத்திய சமையலறைக் கதவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதைக் கண்டுபிடித்தவள் நாத்தனார். அவளுக்குக் கட்டடம் வடிவமைக்கும் தொழில். பெண்களுக்கான நடனக் கூடம் ஒன்றைக் கட்டும் வேலை கைக்கு வந்ததும், அங்கே நடக்கப்போகும் வகுப்பில் அண்ணியைத்தான் முதல் ஆளாகச் சேர்த்துவிட்டாள்.

"யாராவது பாத்துட்டா நான் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டேன்," என்றாள் அண்ணி.

"ஈ காக்கா பாக்காது அண்ணி. நான் பொறுப்பு."

சும்மா சொல்லவில்லை. தெருப் பக்கம் முழுக்க நட்சத்திரத் துளைகள் போட்ட சுவரை எழுப்பியிருந்தாள். பழைய இஸ்லாமிய மாளிகைகளில் பெண்கள் இப்படியொரு மறைப்புக்குப் பின்னால் இருந்துதான் தெருவை வேடிக்கை பார்த்தார்கள். தெரு அவர்களைப் பார்த்ததில்லை. அந்த மாளிகைகளை அளந்து வரைந்து படித்தவள் அவள். சுவர் முடிந்ததும் பட்டப்பகலில் வெளியே நின்று பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதல் வகுப்பு பொழுது சாய்ந்த பிறகு. எல்லா விளக்கையும் போட்டார்கள். பாட்டு சூடு பிடித்தது. அண்ணி கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு இடுப்பை ஒரு சுழற்று சுழற்றினாள். வெளியே யாரோ கை தட்டினார்கள். எதிர் சலூனிலிருந்து பாதி மழித்த முகமும் கழுத்தில் துண்டுமாக ஒருவர், சலூன்காரர், நடுவில் பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்த அண்ணன் என மூன்று பேர் துளைகள் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டியது அண்ணன்தான். பாராட்டித்தான் தட்டினார், பாவம்.

கூடத்தின் தலைவி பாய்ந்து போய் விளக்கை அணைத்தாள். "சல்லடையக் கட்டி வச்சிட்டு மறைப்புன்னு சொல்றியேம்மா. இத இடிச்சிட்டு கறுப்புக் கண்ணாடி போடப்போறேன்."

அண்ணி இருட்டில் செருப்பைத் தேடினாள். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சுவர் போனால் இன்னொன்று கட்டலாம், இந்த ஆட்டம் போனால் திரும்ப வராதே.

அப்போதுதான் தெரு கண்ணில் பட்டது. இருட்டிலிருந்து பார்க்க, சலூன்காரர் கையிலிருந்த சீப்புகூடத் தெரிந்தது. அவர்களோ கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் கலைந்துகொண்டிருந்தார்கள். அந்த மாளிகைகளில் வெளிச்சமெல்லாம் வெளியே, உள்ளே நிழல். துளைகளை அச்சு அசலாக எடுத்தவள் அந்த நிழலை எடுக்க மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"இடிக்காதீங்கக்கா, ஒரு நாள் பொறுங்க," என்று தலைவியிடம் கெஞ்சினாள்.

மறுநாள் விளக்குகளை எல்லாம் கழற்றி, வெளியே கூரை விளிம்பில் சுவரைப் பார்த்து மாட்டச் சொன்னாள். ஆடுவது உள்ளே, விளக்கு வெளியேவா என்று எலக்ட்ரீஷியன் சிரித்தார். இருட்டியதும் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து தெருவில் நிறுத்திவிட்டு, தான் உள்ளே போய் வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு வந்தாள்.

"பாத்தீங்களா?"

"சுவருதான் ஜொலிக்குது. நீ ஆடினியா?"

"ஆடினேன்."

"தெரியாம போனது நல்லதுக்குத்தான்," என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தாள்.

வகுப்பு ஆரம்பித்தது. தரையெல்லாம் நட்சத்திர நட்சத்திரமாக வெளிச்சம் விழுந்து கிடக்க, அண்ணி அதன்மேல் ஆடினாள். தலைவி கண்ணாடிப் பேச்சை எடுக்கவே இல்லை. அண்ணன் வந்து சலூன் வாசலில் நின்று, தங்கையை போனில் கூப்பிட்டார்.

"பாட்டு மட்டும் கேக்குது. உங்க அண்ணி ஆடறாளா இல்லையா?"

"தெரியலயே அண்ணா," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அண்ணி சுவரை ஒட்டி வந்து நின்றாள். துளை வழியே புருஷன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு மிச்சப் பாட்டு முழுவதையும் அவருக்காகவே ஆடினாள்.