மாட்டுக்கு லீவு நாள்

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பெங்களூர் என்று ஒரு வியாதி வந்திருந்தது. மாட்டுக்கு வருகிற கோமாரி மாதிரிதான், ஒரு வீட்டில் நுழைந்தால் அடுத்த வீட்டையும் விடாது. மீசை அரும்பிய பயல் ஒருத்தன்கூட ஊரில் தங்கவில்லை. ஓசூர் போய் பஸ் ஏறினால் பெங்களூர், அங்கே தெருவுக்குத் தெரு புதுக் கம்பெனி. போனவன் பண்டிகைக்குத் திரும்பும்போது கால்சட்டையும் கிராப்புமாக வருவான். போகும்போது இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவான்.

எங்களுக்குப் பேரிகை பக்கத்தில் ராகி விளைகிற மேட்டு நிலம், ஒரு கிணறு, நாலைந்து மாமரம். ஒரே மகள், அவளைக் கோலார் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு சரியில்லை, ஏர் பிடிக்க முடியாது. அவர் பெயரை நான் சொல்லக்கூடாது; ஊர்க்காரர்கள் நாராயணப்பன் என்பார்கள். ஆக, நிலத்தில் ஏர் ஓடுவது பண்ணையாள் ராமப்பனின் கையை நம்பித்தான். அவனும் போய்விட்டால் நிலத்தைப் பக்கத்துக் காட்டுக்காரன் சின்னராஜிடம் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான். அந்த மனுஷன் வாராவாரம் வந்து, "இடுப்பு எப்பிடிங்க இருக்குது?" என்று விசாரிப்பான். விசாரணை இடுப்பைப் பற்றி, கண் எங்கள் கிணற்றின் மேல்.

ராமப்பன் நல்ல உழைப்பாளி. அதிகம் பேசமாட்டான். போன வருஷம்தான் வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து செல்லியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் தினமும் விடிகாலையில் எங்கள் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிச் சாணி அள்ளுவாள். ரெண்டு பேரும் இருக்கிற தைரியத்தில் நாங்கள் காலை நீட்டிப் படுத்தோம். தை மாசம் ராமப்பனின் சேக்காளி ஆஞ்சப்பன் பெங்களூரிலிருந்து வந்தான். மூன்று நாள் ரெண்டு பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் தூக்கம் அதோடு போயிற்று.

எங்கள் பக்கத்தில் பண்ணையாளுக்கு வருஷம் பிறப்பது உகாதியன்று. காலையில் வேப்பம்பூவும் வெல்லமும் தின்றதும் எசமான் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார். ஆள் எடுத்துக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம் இருப்பான். எடுக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான். பேச்சு வார்த்தை கிடையாது. உகாதிக்கு ரெண்டு மாசம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஓசூர் போய் நாலு பேரைக் கேட்டு, கம்பெனியில் என்னென்ன உண்டு என்று தெரிந்துகொண்டு வந்தார்.

"ஏமே, அங்க சங்கு ஊதறாங்களாம். காக்கி உடுப்புக் குடுக்கறாங்களாம். ரெண்டு வேளை டீ. இதுக்குத்தான் இந்தப் பசங்க ஓடறானுங்க. இதை நாமளே குடுத்துட்டா?"

"சங்குக்கு எங்க போவீங்க?" என்றேன்.

பேரிகைக் கொல்லனிடம் போய்த் தண்டவாளத் துண்டு ஒன்று வாங்கிவந்து புளியமரத்தில் கட்டினார். காலையில் ஒரு தரம் அடிப்பார், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நல்ல சத்தம், ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். மூன்றாம் நாள் மத்தியானம் சின்னராஜ் மேல்துண்டை உதறிக்கொண்டு சண்டைக்கு வந்தான். இவர் அடித்ததைக் கேட்டு அவன் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்களாம். ராமப்பனோ சத்தம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை, சால் முடிந்த பிறகுதான் ஏரை நிறுத்தினான்.

அடுத்தது காக்கி அரை டிராயர். அதைப் போட்டுக்கொண்டு ராமப்பன் கொட்டகைக்குள் போனதும் மயிலைக் காளை வேற்றாள் என்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. அதைப் பிடித்துக் கட்டி, வரப்பில் குந்தினான் பாருங்கள், டிராயர் பின்பக்கம் சர்ரென்று கிழிந்தது. செல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளிலிருந்து பழைய வேட்டிதான்.

டீ மட்டும் நிலைத்தது. நான்தான் போட்டேன். எங்கள் வழக்கப்படி பண்ணையாளுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தேன். ராமப்பன் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"நல்லாருக்குதும்மா. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாசுல குடுக்கறாங்கன்னு ஆஞ்சப்பன் சொன்னான்."

எனக்கு முகம் சுட்டது. அடுத்த சந்தையில் ஆறு கண்ணாடிக் கிளாஸ் வாங்கினேன். அதிலேயே அவனுக்கும் கொடுத்தேன், எங்களுக்கும் ஊற்றினேன். பெரிய தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆள் போய்விடுவானே என்ற பயம்தான் முக்கால் பங்கு. வீட்டுக்காரர் கிளாஸை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குடித்தார்.

உகாதி வந்தது. வாசலில் மாவிலை கட்டி, மாட்டைக் குளிப்பாட்டி, வேப்பம்பூ வெல்லம் கலந்து வைத்தேன். ராமப்பனும் செல்லியும் வந்து முற்றத்தில் நின்றார்கள். ரெண்டு பேரும் தின்றார்கள். வீட்டுக்காரர் தட்டை நீட்டினார்.

ராமப்பன் எடுக்கவில்லை. கும்பிடும் போடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இவர் தட்டைக் கை மாற்றிப் பிடித்தார், அதில் பாக்கு உருண்டது.

"எசமான், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"எனக்கும் திங்கக்கிழமை வேணும்."

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை மாட்டை ஏரில் பூட்டமாட்டோம், வண்டியிலும் பூட்டமாட்டோம். அது நந்தி சாமி பசவண்ணனுக்கு உள்ள நாள், பூட்டினால் சாமி குற்றம். அன்றைக்கு மாடு நிழலில் படுத்து அசை போடும். ஆளுக்கு அப்படியில்லை. வேலி கட்டுவான், எரு சுமப்பான், கயிறு திரிப்பான், வரப்பு வெட்டுவான். மற்ற நாளைவிடத் திங்கட்கிழமைதான் அவனுக்கு இடுப்பொடியும். இத்தனை வருஷமாக அதைப் பார்க்கிறேன், ஒரு நாளும் எனக்கு அது தோன்றவில்லை.

"டேய், மாட்டுக்கு விடறது சாமிக்குப் பயந்துடா!" என்று கத்தினார் இவர்.

"எனக்காகக் கேக்கவும் ஒரு சாமி இருந்தா நல்லாருக்கும் எசமான். இல்லாததால நானே கேக்கறேன். கம்பெனியில ஞாயித்துக்கிழமை விடறாங்க. நான் அந்த நாள்கூடக் கேக்கல. மாடு நிக்கிற அன்னிக்கு நானும் நிக்கறேன்."

"விட்டா அன்னிக்கே பெங்களூருக்கு ஓடிடுவே."

"ஓடறதுன்னா எல்லாக் கிழமையும் பஸ் போவுதுங்க எசமான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "குடுத்துடுங்க" என்றேன்.

"எருவை யாரு சுமப்பா? நீயா?"

"சுமக்கறேன்."

அவர் என்னை முறைத்தார். கொட்டகைப் பக்கம் திரும்பி, கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிற காளைகளை முறைத்தார். கடைசியில் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி, "எடுத்துக்கடா. திங்கக்கிழமை உனக்கு" என்றார். ராமப்பன் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செய்தி மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. சின்னராஜ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஆளுக்கெல்லாம் கொம்பு முளைக்க வெச்சிட்டீங்களே நாராயணப்பா! நாளைக்கு என் ஆளும் கேப்பான்" என்று கூவினான்.

"கேட்டா குடு. இல்லாட்டி ஓசூர் பஸ்ஸுக்கு வழி காட்டு" என்றார் இவர். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தவர், கொடுத்த பிறகு அது தன் யோசனை என்றே பேச ஆரம்பித்துவிட்டார். ஆம்பிளைகள் சமாசாரம் இப்படித்தான்.

முதல் திங்கட்கிழமை விடிந்தது. வேலியில் ஒரு இடம் விழுந்து கிடந்தது. இவர் முள்ளை இழுக்க, நான் கவைக்கோலால் தள்ள, ரெண்டு பேரும் மூச்சு வாங்கி உட்கார்ந்தோம். இவர் கையில் முள் குத்தி ரத்தம். "அவன் இந்நேரம் கால் மேல கால் போட்டுப் படுத்திருப்பான்" என்று பொருமினார்.

அப்போது ராமப்பன் வந்தான். தலையில் சும்மாடு, கையில் சாணிக் கூடை. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போய்விட்டான்.

இவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாமே? உழைச்ச கட்டைக்கு உக்கார வருமா? லீவு வாங்கிக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வந்துட்டான் பாரு!" என்று சொல்லிக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி கொட்டகைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ராமப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணி அள்ளிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் சாணிக் கூடையைத் தலையில் வைத்து நடந்த ஆம்பிளையை நான் பார்த்ததில்லை, அது பொம்பளை வேலை. வழக்கமில்லாத வேலை, பாதி கூடையிலும் பாதி காலிலுமாக இருந்தது.

"ஏன்டா, லீவுன்னு சொல்லிட்டு ஏன் வந்தே?" என்றார் இவர் சிரித்துக்கொண்டே.

"நான் லீவுதாங்க எசமான். இது செல்லி வேலை. அவ அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்கறா. கண்ணாலம் ஆனதிலேருந்து போகல. அவ போனா கொட்டாய யாரு பாக்கறதுன்னு போகாமலே இருந்தா. எனக்கு ஒரு நாள் கெடச்சா அவ வேலைய நான் பாத்துக்கலாமேன்னுதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனான். கிணற்றடியில் நின்ற பொம்பளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். நேற்று வந்த அந்தச் செல்லியின் மேல் எனக்குப் பொறாமை, வயிறு எரிகிற பொறாமை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தைந்து வருஷம் இருக்கும். நல்லது கெட்டது தவிரப் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. எனக்காக யாரும் ஒரு கிழமையைக் கேட்டு வாங்கியதுமில்லை.

"என் அம்மா ஊடு எந்த ஊருன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கெஞ்சுகிற மாதிரி வந்துவிட்டது.

"சாமல்பட்டி," என்றார். கொஞ்ச நேரம் கையிலிருந்த முள்ளை நோண்டிக்கொண்டிருந்தார். "வர்ற திங்கக்கிழமை போய்ட்டு வாமே."

"களி யாரு கிண்டுவா?"

"நான் கிண்டிக்கறேன். எத்தனை தண்ணிக்கு எத்தனை மாவுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

ராமப்பன் அந்த வருஷமும் போகவில்லை, அடுத்த உகாதிக்கும் வெற்றிலை எடுத்தான். ஊரில் இன்னும் நாலு பண்ணையாட்களுக்குத் திங்கட்கிழமை கிடைத்தது, சின்னராஜின் ஆளுக்கும்தான். இவர் சொன்ன அந்தத் திங்கட்கிழமை நான் கிருஷ்ணகிரி போய் பஸ் மாறிச் சாமல்பட்டியில் இறங்கியபோது என் அம்மா களத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சுடி?" என்று ஓடி வந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா," என்றேன். "சும்மா வந்தேன்."