கட் சொல்லாத நிமிடம்

வெளிநாட்டில் இருபத்திரண்டு நாள் படப்பிடிப்பு முடிந்து சவுண்டுக்காரர் வீடு திரும்பியபோது, இரண்டு மைக், நான்கு பெட்டி, மனைவிக்கு ஒரு சால்வை, பிறந்து நாற்பதே நாளான மகளுக்குக் குட்டிக் காலுறை எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவருடைய சத்தம் மட்டும் வரவில்லை. குரல் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம்; அது பலருக்கும் நடப்பதுதான். இவருக்குச் சத்தமே இல்லை. நடந்தால் செருப்பு சத்தம் கிடையாது, இருமினால் தோள் மட்டும் குலுங்கும், அவர் கையிலிருந்து நழுவிய எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து உருண்டு ஓய்ந்ததை யாரும் காதால் அறியவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, வேறொன்று கொண்டுவரச் சொன்னார், பிறகு மூன்றாவதாக ஒன்று. கடைசியில் தன் நெஞ்சிலேயே வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, சத்துமாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

சவுண்டுக்காரரின் அக்காதான் அந்தப் படத்துக்கு எடிட்டர். இருபது வருடமாக ஒரு தையல்கடையின் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டுகிறவர். படம் சின்னப் படம். மொத்தமே ஒன்பது பேர். வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில், பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு புருஷனும் பெண்டாட்டியும், அவ்வளவுதான் கதை. டைரக்டருக்கு எதிலும் திருப்தி வராது; ஒவ்வொரு ஷாட்டுக்கும் "ஒன் மோர்" கேட்பார். அதனால் அவர் பெயரே ஒன்மோர் என்றாகிவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் "கட்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதற்குள் நடிகர்களுக்குக் கால் மரத்துப்போகும்.

தம்பி விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லாம் எழுத்துதான். பாவம், எதையும் பழகிக்கொள்ளும் பெண் அவர் மனைவி, பழகத்தான் பார்த்தாள். ஆனால் அடுப்படியில் திரும்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டிவிட்டாள். கொக்கியில் தொங்கும்வரை கலகலவென்று பேசிய கொத்து, அவர் இடுப்புக்கு வந்ததும் வாயடைத்துப்போனது. அதுகூடப் பரவாயில்லை. கைக்குழந்தை அழும்போது அவர் தூக்கினால் உடனே வீடு அமைதியாகிவிடும். அப்பாவிடம் எவ்வளவு ஒட்டுதல் பார் என்று முதல் வாரம் எல்லாரும் பூரித்துப்போனார்கள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை. வாய் திறந்தபடி, முகம் சிவந்தபடி, அவர் கையில் அது சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு முற்பகலில் அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே நாற்காலியில் குழந்தையை மார்பில் போட்டபடி அவர் கண்ணயர்ந்துவிட்டார். எறும்பு ஏறிவிட்டது. எவ்வளவு நேரம் கத்தியதோ தெரியாது. அவள் இறங்கி வந்தபோது குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது, தொடை முழுக்கத் தடிப்பு, அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். குழந்தையைப் பறித்தாள். பறித்த நொடியில் அந்த அலறல் அவள் காதில் அறைந்தது. அன்றைக்கே நேராக எடிட்டரின் அறைக்கு வந்து நின்றாள்.

"அவர் நல்லவர்தான் அண்ணி. எனக்குத் தெரியாதா? ஆனா புள்ள அவர் கையில அழுதா எனக்குக் கேக்கலையே, நான் என்ன பண்ணுவேன்? ஞாயித்துக்கிழமை காலையில எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புறேன். இவளுக்கு விவரம் தெரியிற வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

தம்பிக்குக் குழந்தை என்றால் உயிர். அவள் போய்விட்டால் சத்தமில்லாத அந்த மனிதன் சத்தமில்லாத வீட்டில் என்ன ஆவான் என்று நினைத்துப் பார்க்கவே எடிட்டருக்கு மனம் வரவில்லை. கை பாட்டுக்கு வேலையைத் தொட்டது. படத்தின் கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. அதற்கு அந்த வீட்டின் ரூம் டோன் தேவைப்பட்டது.

ரூம் டோன் என்பது வேறொன்றுமில்லை, காலி அறையின் சத்தம். ஓர் இடத்தில் படப்பிடிப்பு முடிந்து கிளம்புவதற்குமுன் எல்லாரும் நின்ற இடத்தில் சிலையாக நிற்க வேண்டும். சவுண்டுக்காரர் ஒரு நிமிடம் அந்த அமைதியைப் பதிவு செய்வார். வசனத்துக்கு வசனம் வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் குழிகளை எடிட்டர் அதை வைத்துத்தான் நிரப்புவார். நிமிடம் முடிந்ததும் சவுண்டுக்காரர் கையை இறக்குவார், டைரக்டர் "கட்" என்பார், அப்புறம்தான் யாரும் மூச்சு விடலாம். அக்கா கேட்டதும் தம்பி அலமாரியிலிருந்து ரெக்கார்டரை எடுத்து வந்து கொடுத்தார். பேட்டரியைக் கழற்றி ஐந்து மாதம் ஆகப்போகிறது. ஆனால் அதன் சின்னத் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன: நூற்று நாற்பத்தொரு நாள், ஆறு மணி, பன்னிரண்டு நிமிடம், சில விநாடி. ஓடிக்கொண்டே இருந்தன.

தம்பி முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஒரு தாளை இழுத்து எழுதினார். கடைசி நாள் ரூம் டோன் நிமிடம் முடியும் தறுவாயில் வீட்டுக்காரர் அரை மணி முன்னதாகவே சாவி வாங்க வந்துவிட்டாராம். ஒன்மோர் வாசலில் அவருக்குப் பல்லைக் காட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாராம். இவர் கையை இறக்கினார், கட் வரவில்லை. ஆட்கள் பெட்டிகளை இழுத்தார்கள், யாரோ இவர் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்கள், இவரும் பொத்தானை அமுக்கிவிட்டு ஏறிவிட்டார். கட் என்று யாரும் சொல்லவே இல்லை.

எடிட்டர் காதில் ஹெட்போனை மாட்டினார். முதல் நிமிடம் சுத்தமாக இருந்தது. ஒன்பது பேரின் மூச்சு. பிறகு பெட்டி இழுபட்டது, ஒன்மோர் சிரித்தார், வண்டி கிளம்பியது, கதவு பூட்டப்பட்டது. பூட்டிய வீட்டுக்குள் ஒரே ஒரு மூச்சு மட்டும் மிச்சம் இருந்தது. தம்பியின் மூச்சு என்று அக்காவுக்குத் தெரியாதா? சற்று முன்னால் ஓட்டினார். காலடி கேட்டது, அதே மூச்சு வாங்கியது, அப்புறம் காலி வீட்டில் தம்பியின் குரல்: "அக்கா, எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா, நான் பேசறது எனக்கே கேக்கல." விமான நிலையத்தில் சொன்னது அது. இங்கே அவர் போட்ட சத்தமெல்லாம் அங்கே, அந்த வீட்டில் கேட்டிருக்கிறது. தட்டு விழுந்தது, சாவிக்கொத்து, இருமல், எல்லாம் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்தார்கள். அவர்கள் பேசிய மொழி எடிட்டருக்குத் தெரியாது. பயந்தது மட்டும் எந்த மொழியிலும் தெரியும். குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் அந்த ஆண்குரல் வாசற்கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போயிற்று, அப்புறம் திரும்பவில்லை. அந்தப் பெண் மட்டும் இருந்தாள். தம்பியின் குழந்தை அழும்போதெல்லாம் அறை அறையாகத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பாட்டை முனகத் தொடங்கினாள்.

எடிட்டர் தம்பி மனைவியை வரவழைத்து ஹெட்போனைக் கொடுத்தார். வியாழனும் வெள்ளியும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ஐந்து மாதமாகப் புருஷன் தன்னிடம் வாயசைத்ததை ஓட்டி ஓட்டிக் கேட்டாள். முக்கால்வாசி "பயப்படாத, நான்தான்" என்பதாகவே இருந்தது. எறும்பு கடித்த முற்பகலையும் கேட்டாள். தன் குழந்தை அலறியது. எங்கோ ஒருத்தி தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டே இருந்தாள். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை ஒன்மோரை வரவழைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கூனிக்குறுகிப்போனார். ரெக்கார்டருக்கு முன்னால் நின்று "கட்" என்றார். அதட்டிச் சொன்னார், கெஞ்சிச் சொன்னார், வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து சொன்னார். எண்கள் பாட்டுக்கு ஓடின. நூறு தடவை சொல்லிக் களைத்துப்போய், பழக்கதோஷத்தில் "ஒன் மோர்" என்றார். எடிட்டர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரச் சொன்னார். படப்பிடிப்பில் சொல்லாமல் விட்டதை எடிட்டிங் மேசையில்தான் சரிசெய்ய வேண்டும், அதற்குத்தானே எடிட்டர் என்று ஒருத்தி இருக்கிறாள்?

ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். முதல் நிமிடத்தின் முடிவில் கோடு போட்டார். அதற்கு அந்தப் பக்கம் நூற்று நாற்பத்துநான்கு நாள் நீண்டு கிடந்தது. நகல் எடுத்துப் பார்த்தார்கள். நகலில் ஒன்றும் இல்லை. வெட்டினால் அத்தனையும் போகும். தம்பியின் சத்தம் திரும்பி வருமா, வெட்டியதோடு போய்விடுமா என்று யாருக்குத் தெரியும்? இருபது வருடத்தில் வெட்டிப்போட்ட துண்டு எதுவும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. நாற்காலியில் தம்பி குழந்தையை மடியில் வைத்திருந்தார். குழந்தை சத்தமில்லாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போனில் அந்த அழுகையும், அதற்கு அந்தப் பெண்ணின் பாட்டும் கேட்டன. "வெட்டுக்கா" என்று தம்பியின் உதடு அசைந்தது. அவர் வாய் அசைந்த அதே நொடியில், உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்து அது எடிட்டரின் காதில் விழுந்தது. "கட்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

குழந்தையின் அழுகை பாதியிலிருந்து அந்த அறையில் வந்து விழுந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி இருமினார், தன் இருமலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். "ஐயோ, கத்துறா பாரு, கத்துறா பாரு" என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். என்ன ரகளை என்று பார்க்கக் கீழிருந்து தையல்காரர் ஏறி வந்தார். எடிட்டர் மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் பாட்டு பாதியில் நின்றுபோயிருந்தது. பாதியிலேயே வெட்டிவிட்டோமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு நிமிடத்தைத் தூக்கிப்போட அவருக்குத் துணிவில்லை, அதில் தம்பியின் மூச்சு இருக்கிறதே. கடைசிக் காட்சியில், புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை அப்படியே வைத்தார். அதன் பலன் படம் வெளியே போன பிறகுதான் தெரிந்தது. எந்த ஊரில் அந்தப் படம் ஓடினாலும், கடைசிக் காட்சி வரும்போது சவுண்டுக்காரர் சரியாக ஒரு நிமிடம் சத்தமிழந்து போவார். அந்த நிமிடத்தில் அவர் போடும் சத்தம் அந்தத் தியேட்டரில் கேட்கும். ஒரு விழாவில் அவர் வாய் கொப்பளித்தது கேட்டது. இன்னொன்றில் வெண்டைக்காய் முற்றல் என்று கடைக்காரரிடம் தகராறு செய்தது. உறவின் வெறுமையைக் கொப்பளிக்கும் ஒலியால் உணர்த்திய துணிச்சல் என்று ஒரு விமர்சகர் எழுதினார், பரிசும் கொடுத்தார்கள். வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. சண்டையின் நடுவே அவர் அமைதியானால், "எங்கயோ படம் ஓடுது, முடியட்டும், அப்புறம் வச்சுக்கறேன்" என்பாள் மனைவி.

மகள் வளர்ந்தாள். அத்தை சொல்லி அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். அவளைத் தூங்கவைக்க அத்தை முனகியது அந்தப் பெண்ணின் பாட்டைத்தான். வெட்டிய இடம்வரைதான் அத்தைக்குத் தெரியும், அதனால் அவளுக்கும் பாதிப் பாட்டுதான் தெரியும். ஓடத் தெரிந்த வயதிலிருந்து, அப்பா சத்தமிழந்ததும் அவள் செய்யும் முதல் வேலை அவர் மடியில் ஏறிக்கொள்வது. யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எதையாவது பேசுவாள்.

அவளுடைய ஒன்பதாவது வயதில், அந்த வீடு இருக்கும் ஊரிலேயே படத்தைத் திரையிடக் கூப்பிட்டார்கள். ஒன்மோர் போயிருந்தார். இங்கே அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எடிட்டரும் தம்பி வீட்டில்தான் இருந்தார். செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்த தம்பியின் கையில் தாள் சட்டென்று ஊமையானது. மகள் ஓடிவந்து ஏறினாள். வாயசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நிமிடம் முடிந்து இறங்கப் போனவள், மறுபடி அப்பா ஊமையானதும் மறுபடி ஏறினாள். அப்படி நான்கு முறை. என்னடா இது, புது வழக்கமாக இருக்கிறதே என்று எடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி மனைவி குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

மாலையில் ஒன்மோர் போன் செய்தார். கடைசிக் காட்சியில் அரங்கத்தில் குழந்தைக் குரல் கேட்டதாம். "ஆன்ட்டி, எனக்கு இன்னொரு பல்லு விழுந்துடுச்சு" என்றதாம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாளாம், தனியாக வந்திருந்தவள். சுவரொட்டியில் தன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள் போல. படம் முடிந்து விளக்கு போட்டும் அவள் போகவில்லை. ஒன்மோரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினாளாம். அந்த ஒரு சைகைக்கு மட்டும் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஓடிப்போய்ப் படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் கடைசிக் காட்சியை மறுபடி போடச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை குழந்தை பள்ளிக்கூடக் கதை சொன்னதாம், மூன்றாவது தடவை ஏழாம் வாய்ப்பாடு. நான்காவது தடவை சொல்ல ஒன்றும் இல்லாமல் ஏதோ ஒரு பாட்டை முனகி, பாதியில் நிறுத்திவிட்டதாம்.

"அப்புறம்?" என்றார் எடிட்டர்.

"மீதிய அந்தம்மா பாடினாங்க மேடம். உக்காந்த இடத்துலயே, கண்ண மூடிக்கிட்டு. ஹால்ல ஒருத்தர் அசையல."

அந்த மீதி எப்படி இருந்தது என்று எடிட்டர் கேட்டார். ஒன்மோர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனிலேயே பாடிக் காட்டினார். சுருதி என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள் அவர். எடிட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார், தம்பியின் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார், "ஒன் மோர்" என்றார்.