செங்கம்மாள் வேஷம்

பவுனு பன்னிரண்டு செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏறினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் புதுப் பலகை போட்டிருந்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் அங்கே பழைய பலகை முறிந்துதான் செங்கம்மாள் விழுந்து செத்தாள். அப்படி ஒருத்தி தன்னிடம் வேலையே பார்க்கவில்லை, வழியோடு போனவள் ஏறி விழுந்திருப்பாள் என்று காண்டிராக்டர் கூசாமல் சொல்லிவிட்டான். அவள் புருஷன் மூக்கன் லேபர் ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அங்கே சாட்சி கேட்டார்கள். வேலை போய்விடுமே என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் பிள்ளைகள் குடிசைகளுக்கு நடுவே வந்து தெரு நாடகம் போடுவார்கள். மேடை கிடையாது, வேஷம் கிடையாது. கறுப்புக் குர்த்தாவும் ஒரு டோலக்கும்தான். செங்கம்மாள் செத்த கதையை இந்த முறை நாடகமாக்கியிருந்தார்கள். அவர்களில் விஜயலக்ஷ்மி மட்டும் தமிழ்ப் பெண், சர்க்கார் குமாஸ்தாவின் மகள். செங்கம்மாளாக நடிக்க ஒப்புக்கொண்ட பவுனு, பேரைச் சொல்லித்தான் ஆடுவேன் என்று அவளிடம் பிடிவாதம் பிடித்தாள்.

"பேரெல்லாம் எதுக்கு அக்கா? எங்க நாடகத்துல எல்லாரும் வெறும் மஜ்தூர், கூலியாள், அவ்வளவுதான்" என்றாள் விஜயலக்ஷ்மி.

"அப்படி ஒரு பேரே இல்லேன்னுதானே பாப்பா அவனும் சொல்றான்?" என்றாள் பவுனு. "எங்கூருக் கூத்துல, திரைக்குப் பின்னாலேருந்து வர்ற வேஷம் மொதல்ல பேரு, ஊரு, செய்யிற வேல எல்லாத்தையும் சொல்லிட்டுதான் ஆடும். நானும் அப்படித்தான் வருவேன்."

ஊரில் பெண் வேஷம் கட்டிப் பேர் வாங்கியவன், இங்கே கூட வேலை பார்க்கும் ஏகாம்பரம். அவனுக்கு முகம் சுருங்கியது. "பொம்பள கூத்தாடுறதா? சேலையக் குடு, நானே கட்டறேன்."

"அவ சும்மாடு வெக்கிற தினுசு ஒனக்குத் தெரியுமா அண்ணே? கூடவே செமந்தவ நானு. நீ திரையப் புடி, போதும்."

ஞாயிறு சாயங்காலம் கூட்டம் வட்டமாக உட்கார்ந்தது. லேபர் இன்ஸ்பெக்டரான தன் மாமா பட்டாபியை விஜயலக்ஷ்மி எப்படியோ கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க மேஸ்திரி ரத்தினவேலும் முன்வரிசைக்கு வந்துவிட்டார். எல்லோரையும் ஊரிலிருந்து வேலைக்குக் கூட்டி வந்தவர் அவர். இப்போது காண்டிராக்டரின் ஆள். ஊர்க் கூத்தில் கட்டியக்காரனாக நின்று, வருகிற வேஷத்தைக் கேள்வி கேட்டு மடக்கியவர். கூத்தில் ஒரு சொல் பிசகினாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது பவுனுக்கு நன்றாகத் தெரியும்.

ஏகாம்பரமும் மூக்கனும் பிடித்த வேட்டிக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள்.

"வந்தேனே செங்கம்மா! ஊரு திருக்கோவிலூரு, புருஷன் மூக்கன்! கீழ்த்தளத்துல மண்ணு சலிக்கிறவ நானு!"

"தப்பு, தப்பு" என்று ஏகாம்பரம் முணுமுணுத்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. மேஸ்திரியை நேராகப் பார்த்து, "மாடி ஏறுனதே இல்ல! செங்கல்லத் தொட்டதே இல்ல!" என்று ஓர் அடி வைத்து ஆடினாள்.

ரத்தினவேல் துள்ளி எழுந்தார். "அடச்சீ! வேஷத்தையே கெடுத்துட்டியேடி! அவளா மண்ணு சலிச்சா? மூணாவது மாடிக்குக் கல்லு ஏத்துனவ! ஒரு வருசமா நாந்தானே ஏத்தி உட்டேன்!"

டோலக் நின்றது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பட்டாபி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இன்னொரு தரம் சொல்லும் மேஸ்திரி" என்றார். மூக்கன் திரையை விட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் காலை காண்டிராக்டர் ஷெட்டில் பட்டாபி ஆஜர் பதிவேட்டைக் கேட்டார். ஒரு மணி நேரம் எல்லோரையும் வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

"பேர் இருக்கு" என்றார் பட்டாபி. பவுனுக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் இரண்டு பக்கம் புரட்டி நிறுத்தினார். "ஆனா விழுந்த அன்னிக்கு மட்டும் அவ வேலைக்கு வரலைன்னு போட்டிருக்கே."

அவர் காட்டிய இடத்தில் பவுனு விரலை வைத்துப் பார்த்தாள். எடுத்தபோது விரல் நுனியில் நீல மை ஈரமாக ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவர் பார்க்கும்படி விரலைப் பதிவேட்டின் மேல் நீட்டிக்கொண்டே, வாசலில் நின்ற ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழமையும் நீதான் திரை புடிக்கணும். அவ விழுந்த நாள ஆடப் போறோம்."