முதல் பத்து நிமிடம்

பஸ் டிரைவருக்கு வீட்டில் இரண்டு சம்சாரம் என்று தெருவே கேலி பேசும். ஒன்று கட்டியவள், இன்னொன்று, கூரைத் தண்ணீர் வந்து விழும் நீல டிரம். "அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல?" என்று மனைவி கரித்துக்கொட்டாத நாளில்லை.

குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து, அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது மழை கொட்டித் தீர்த்தது. வைப்பரைப் போட்டவருக்கு வீட்டு டிரம்தான் ஞாபகம். கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும் முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, அப்புறம்தான் பைப்பை டிரம் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு அவரை விட்டால் வீட்டில் ஆளில்லை. அத்தனை மழையும் வீண்தான்.

வேலை முடிந்து தொப்பலாக நனைந்து ஓடி வந்தார். டிரம் தளும்பி நின்றது. பக்கத்தில் குடம், வாளி, குக்கர்கூட நிறைந்திருந்தன. மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. வாயில் வந்ததோ வேறு.

"பத்து நிமிஷம் விட்டியா?"

"பன்னெண்டு விட்டேன். மேல புறா ஒண்ணு குடும்பமே நடத்துது. அதெல்லாம் நீங்க எங்க பாத்தீங்க?" என்று துண்டை அவர் தலையில் போட்டாள்.

துண்டுக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.