நிமிடத்துக்கு அறுபது

“சிப்புக்குள்ள இருக்கிற கடிகாரமே போதும்க்கா. போர்டுல இடமும் மிச்சம்” என்றார் போனில் சக எஞ்சினியர்.

“இடம் மிச்சமாகும், பேச்சு குழறும். வெயில் ஏறினா உள்கடிகாரம் தடுமாறும். ரெண்டு கரண்ட் மீட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேச வேண்டாமா? வெளியில கிரிஸ்டல் கல்லு போடுங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றினாள்.

இருபத்தைந்து வருடமாக அவள் கட்சி அதுதான். உள்ளே இருப்பதை நம்பாதே. வெளியே ஒரு கல்லை வை, அதன் அதிர்வைப் பார்த்து நட. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கல்லக்கா.

பெயிண்டராக இருந்த அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர். கட்டிலருகே வாடகை மானிட்டர். லாரி ஓட்டும் அண்ணன் பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். ஒன்பது வருடமாக அப்பாவோடு பேச்சில்லை. அவன் வரும்வரை உயிர் தாங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மானிட்டர் கோட்டில் நொடிக்கொரு ஊசி எழுந்தது. அது நெஞ்சுக்குள் இருக்கும் மெஷின் கொடுப்பது. ஒவ்வொரு ஊசிக்கும் இதயம் ஒரு மேட்டை எழுப்பிப் பதில் சொன்னது. திடீரென்று ஊசியில்லாமலே ஒரு மேடு வந்தது. இன்னொன்று, கொஞ்சம் முந்தி. இன்னொன்று, கொஞ்சம் பிந்தி. அப்பாவின் சொந்தத் துடிப்பு! மெஷின் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது.

“அடேயப்பா” என்றாள் வாய்விட்டு. எந்தக் கல்லைப் பார்த்து நடந்தது இது? எழுபத்தெட்டு வருடம், காய்ச்சலிலும் கோபத்திலும் தடுமாறித் தடுமாறியே ஒரு மனிதனை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறதே!

பிறகு மறுபடி ஊசிகள். நாலு இருபத்தொன்றுக்கு மூச்சு நின்றது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. ஊசிகள் மட்டும் இம்மி பிசகாமல் வந்தன. பின்னால் மேடு இல்லை. அந்த வித்தியாசம் தெரியாத மானிட்டர் அறுபது என்றே காட்டியது. டாக்டருக்குப் போன் செய்தாள்.

சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. அண்ணன்.

“அறுபது ஓடுதே! அப்பாடா, வந்து சேர்ந்துட்டேன் பாப்பா.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மாவ நீங்கதான் கொன்னீங்கன்னு எழவு வீட்டுல அத்தனை பேர் முன்னாடி கத்தினேன்பா. தப்பு. அன்னைக்கே தெரியும் தப்புன்னு. வர்றதுக்குத்தான் மூஞ்சி இல்ல.” கொஞ்ச நேரம் அழுதான். “கை சில்லுன்னு இருக்கே, பாப்பா.”

அவள் போர்வையை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் வந்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார், தலையை அசைத்தார்.

“அறுபது காட்டுதே டாக்டர்?”

“அது பேஸ்மேக்கர் குடுக்கிறதுப்பா.” அவளிடம் திரும்பினார். “எத்தனை மணிக்கும்மா?”

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தான். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் போர்டைத் திருப்பி அனுப்புகிறவள் அவள்.

“இப்பத்தான் டாக்டர். அண்ணன் பேசி முடிச்சதும்.”

டாக்டர் மானிட்டரில் மேடில்லாத ஊசிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தையே எழுதினார்.