நபீஸா வீடு கூட்டிய நாள்

ஸல்ஹாவும் முனாபும் ஆபிரிக்காவுக்கு ஏறிய விமானம் ஏழு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள் தரை தொடாமல் பறந்தது. எழுபத்துநாலாம் ஆண்டு ஜனவரியில் கட்டுநாயக்காவில் கிளம்பியது, எண்பத்தோராம் ஆண்டு மார்ச்சில்தான் நைரோபியில் இறங்கியது. கொழும்பில் இதற்கு என்னென்னவோ விளக்கம் சொன்னார்கள். திருகோணமலையில், ஜமாலியாவில், காரணம் எல்லாருக்கும் தெரியும். ஸல்ஹாவின் தங்கை நபீஸா வீட்டைக் கூட்டிவிட்டாள்.

துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய ஸல்ஹாவின் புருஷன் முனாப், கடலில் விழுந்த ஒரு கிரேக்கக் கப்டனைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றியிருந்தான். நன்றி மறக்காத அந்த மனிதர், புருஷனும் பெண்சாதியும் பத்து நாள் காட்டு மிருகம் பார்த்துவர எல்லா ஏற்பாடும் செய்து கடிதம் போட்டார். கடையில் பாண் வாங்க விடியமுன்னம் வரிசையில் நிற்கிற காலம் அது. ஊர் வாயடைத்துப் போனது. வாய் திறந்ததும் நையாண்டிதான். ஆனை வேணுமெண்டா கந்தளாய்க்கு பஸ் இரிக்கே என்றார்கள். மான் பாக்கவா இவ்வளவு தூரம், கோட்டைக்குள்ள போனா வாழைப்பழத் தோல் கேட்டு அதுவே பின்னால வருமே என்றார்கள். கந்தளாய்க்கு அப்பால் எதையும் பார்த்திராத ஸல்ஹா சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினாள். வழியனுப்ப வந்த சனம் தொதலும் பணிசும் தின்று, வீடு முழுக்கத் துகள் சிந்திவிட்டுப் போனது.

பயணம் போனவர் போய்ச் சேர்ந்த செய்தி வருமட்டும் அந்த வீட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால், அவர் போய்ச்சேர்வதையே கூட்டித் தள்ளியதாகிவிடும். இது நபீஸாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வீட்டிலிருந்து அதுவரை போனவர்கள் லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போனவர்கள்தான். ஏறிவிட்டார்கள் என்றால் போய்ச் சேர்ந்த மாதிரித்தான். மறுநாள் காலை துறைமுகக் கந்தோருக்கு டெலிபோன் வந்தது, விமானம் ஏறிவிட்டார்களாம் என்று. துகளுக்கு எறும்பு சாரிசாரியாய் வந்துகொண்டிருந்தது. இருபத்துநாலு வயதுப் பெண் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? விளக்குமாற்றை எடுத்தாள். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆமினா உம்மா வேலிக்கு ஓடிவந்தார்.

“என்ன சத்தம் புள்ள அது? வீடு கூட்டுறியா?”

“ஓம் மாமி. அவங்க ஏறிட்டாங்களாம்.”

“ஏறினா? ஏறினா இறங்கோணுமே, அல்லாஹ்வே!”

நபீஸாவின் கை அப்படியே நின்றது. கூட்டிய மண் ஏற்கெனவே காற்றோடு போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வந்தபோது, விமானம் துறைமுகத்துக்கு மேலே தாழப் பறந்து போனது. அதன்பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. துறைமுகச் சமிக்ஞைக் கோபுரத்தில் வேலைபார்த்த கனகரத்தினம் தூரக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வந்து சொன்னார்: “தங்கச்சி, உங்கட அக்கா யன்னலோரமாத்தான் இருக்கிறா. கையில ஒரு பணிஸ். ஒரு கடி கடிச்சிருக்கிறா.” அடுத்த வருடம் பார்த்தபோது அது இரண்டு கடியாகியிருந்தது. முனாப் முதல் வருடம் கொட்டாவி விடத் தொடங்கி, மூன்றாம் வருடம்தான் வாயை மூடினான். நபீஸா நிலத்தில் இருந்து தலையில் அடித்து அழுதாள். ராத்தா ராத்தா என்று கூப்பிட்ட அக்காவை வானத்தில் தொங்க விட்டது தான்தான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

போன மண் திரும்பி வந்து வாசல்படியை மூடுமட்டும் விளக்குமாற்றைத் தொடாதே என்றார் ஆமினா உம்மா. நபீஸா தொடவில்லை. விமானம் கடக்கும்போதெல்லாம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சிவப்புப் புழுதி இறங்கியது. திருகோணமலையில் இல்லாத நிறம். நாலாம் வருடம் கதிரைகளின் கால் மறைந்தது, வாசல்படியில் மட்டும் மண் தங்கவில்லை. ஐந்தாம் வருடம் மண்டபத்தில் முழங்காலளவு மஞ்சள் புல் எழும்பியது, கோட்டை மான்கள் வந்து மேய்ந்தன. நபீஸா அலுமாரிக்கு மேல் பாய் விரித்துப் படுத்தாள். அவள் தலைமயிரில் ஏறிய புழுதி எத்தனை முழுக்கிலும் போகவில்லை.

ஏழு வருடம் தாண்டியபோது கிண்ணியாவிலிருந்து அப்துல் மஜீதுக்குப் பெண் கேட்டு அவனுடைய தாய் வந்தார். மஜீத் நல்ல பொடியன், ஆசிரியர். நபீஸாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. தாயார் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, திகைத்து நின்று, “ஒருக்காக் கூட்டிப் போடு மகள், நாளைக்கே நாள் வைப்பம்” என்றார். நபீஸா நெடுநேரம் யோசித்தாள். பிறகு போய் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் வானம் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை அல்லாத அந்த நாளில் விமானம் துறைமுகத்துக்கு மேலே ஒருபக்கம் சரிந்து வந்தது, யன்னலில் ஸல்ஹாவின் முகம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மஜீதின் தாயார் கலிமா சொன்னார். நபீஸா விளக்குமாற்றை இரண்டாய் முறித்து எறிந்தாள். “ஏலாது மாமி. எனக்கு ராத்தா வேணும்” என்றாள். விமானம் நிமிர்ந்தது. மஜீத் அந்த வருடமே வேறு இடத்தில் கலியாணம் செய்தான். நபீஸா மூன்று நாள் சாப்பிடவில்லை.

விளக்குமாற்றை முறித்த அடுத்த வெள்ளி விழுந்த புழுதி வாசல்படியை மூடியது. மறுநாள் தந்தி வந்தது. தபால்காரர் வாசித்துச் சொன்னார்: இறங்கினோம், சுகம், நாளைக்குச் சிங்கம்.

நபீஸா புது விளக்குமாறு வாங்கி மூன்று நாள் கூட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெருவே வந்து நின்றது. பத்தாம் நாள் ஸல்ஹா முனாபோடும் வரிக்குதிரைப் படங்களோடும் வாசலில் வந்து இறங்கி, தங்கையைக் கண்டு அப்படியே உறைந்து போனாள். ஸல்ஹாவுக்கு வயது இருபத்தாறு, போனபோது இருந்த அதே இருபத்தாறு. நபீஸாவுக்கு முப்பத்தொன்று.

“உனக்கு என்னடி நடந்த? நாங்க போய் ரெண்டு கிழமைகூட இல்லையே!”

“கூட்டிட்டன் ராத்தா. பொறுக்க ஏலாமக் கூட்டிட்டன்.”

ஸல்ஹா அவள் முதுகில் இரண்டு போட்டாள், பிறகு கட்டிப்பிடித்துக் கதறினாள். இரவு முழுக்க நபீஸா சொல்லச் சொல்லக் கேட்டாள். மஜீதின் கதை வந்தபோது முகத்தை மூடிக்கொண்டாள். விடிந்ததும் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து, நபீஸாவை முன்கதிரையில் இருத்தி, தான் கீழே பாயில் இருந்துகொண்டாள்.

“ராத்தா, ஆறமுதல் குடியுங்க” என்றாள்.

நபீஸா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

“சீனி காணாது, தங்கச்சி” என்றாள்.